கண்ணாடிக்கு ஒரு மழைக்குல்லா

நனைந்த சைக்கிள் ட்யூப்புக்கு என்று ஒரு வாடை உண்டு. மழைக்காலச் சாயங்காலங்களில் அந்த வாடை என் புருவத்திலும் மூக்குத் தண்டிலும் ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் தூங்கப் போகும்வரை விடாது. நான் எந்நேரமும் கழுத்தில் மாட்டித் திரிந்த பைனாகுலரில், கண் வைக்கும் பக்கத்துக் கண்ணாடிகளை மூடுவதற்காக, ட்யூப் ரப்பரில் செய்த ஒரு மூடி தொங்கிக்கொண்டிருந்ததுதான் காரணம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "குல்லா". எந்தக் கடையிலும் வாங்கியதல்ல, என் சித்தப்பா தன் கையால் செய்து கொடுத்தது.

எங்கள் வீடு எளாவூரில், ஊரின் கடைசித் தெருவில் இருந்தது. மொட்டை மாடியில் ஏறி நின்றால் ஒரு பக்கம் நெல் வயலும் அதற்கு அப்பால் ஏரியும் தெரியும். மறுபக்கம் கல்கத்தா நெடுஞ்சாலையும், சோதனைச் சாவடிக்கு முன்னால் முனை தெரியாமல் நீண்டு நிற்கும் லாரி வரிசையும் தெரியும். சாலையிலிருந்து எங்கள் வயலுக்கு இறங்கும் மண்பாதையின் முடிவில், தகரக் கூரை போட்ட எங்கள் நெல் கொட்டகை. என் அப்பா முனிரத்தினத்துக்கு விவசாயம் தவிர வேறு தொழில் தெரியாது. ஆந்திர எல்லையோரத்துப் பிள்ளைகள் பலரைப் போல நானும் அவரை "நைனா" என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய ஒரே தம்பி தயாளன் சித்தப்பா. சாவடிக்குப் பக்கத்தில் ஒரு லாரி ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, மனைவியும் கைக்குழந்தையுமாகப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தார். ஆனாலும் பாதி நாள் அவருக்குக் காலை நாஷ்டா எங்கள் வீட்டில்தான்.

நான் ஆறாவது படிக்கும்போது, ஏரியில் வந்து இறங்கும் பறவைகள்மேல் எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. நத்தைக்குத்தி நாரை எது, நீர்க்காகம் எது, நீருக்குள் போய் வேறெங்கோ எழும் முக்குளிப்பான் எது என்று வீட்டில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டே இருப்பேன். கேட்டவர் சித்தப்பா ஒருவர்தான். ஒரு நாள் மஞ்சள் பைக்குள் கைவிட்டு, கருப்பு வண்ணம் அங்கங்கே உரிந்துபோன ஒரு பழைய பைனாகுலரை எடுத்து என் கழுத்தில் மாட்டினார்.

"இந்தா அமுலு. இனிமே கொக்கு எல்லாம் நம்ம ஊட்டுக்குள்ளயே வந்து நின்ன மாதிரி இருக்கும், பாரு."

"இன்னாது இது, பூதக்கண்ணாடியா?" என்றாள் அம்மா. பிறகு எத்தனை முறை திருத்தினாலும் அவளுக்கு அது பூதக்கண்ணாடிதான்.

அதற்கு மூடி எதுவும் இல்லை. முதல் வாரமே ஏரிக்கரைப் புழுதி படிந்துவிட்டது. நான் பாவாடை நுனியால் அழுத்தித் துடைத்தேன். அதைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா மாடிப்படியிலேயே கத்தினார்.

"ஏய், ஏய்! மண்ணோட தேய்க்காத. கீறல் வுழுந்துதுனா அப்புறம் எல்லாம் பொக மாதிரிதான் தெரியும். மொதல்ல வாயால ஊது. அப்புறமா மெத்துனு துணி வச்சித் தொட்டு எடு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் எங்கள் மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து மூடி செய்தார். முன்பக்கத்துப் பெரிய கண்ணாடிகளுக்கு, சரியான அளவில் இரண்டு மருந்து டப்பா மூடிகளைத் தேடிக் கொண்டுவந்து, உள்விளிம்பில் ரப்பர் ஒட்டி, திறந்தால் கீழே விழுந்து தொலையாமல் நைலான் கயிற்றால் கட்டினார். பின்பக்கத்துக்குத்தான் நேரம் பிடித்தது. பைனாகுலர் கழுத்தில் தொங்கும்போது கண் வைக்கும் பக்கம் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். மழைத்துளி முதலில் அங்கேதான் விழும் என்று விளக்கினார். ட்யூப்பை வெட்டி இரண்டு சின்னக் கிண்ணம் போல மடித்து, நடுவில் ஒரு பட்டியால் இணைத்து, கழுத்து வாரில் கோத்துவிட்டார். பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்கும்போது குல்லாவை ஒரு விரலால் மேலே தள்ளினால் போதும், இறக்கியதும் அதுவே வழுக்கி வந்து கண்ணாடிமேல் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு முறை அளவு தவறி வெட்டிப் போட்டார். மூன்றாவது முறை கத்தி அவர் கட்டைவிரலைக் கிழித்தது. ரத்தத்தை உறிஞ்சித் துப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். எனக்காக ஒரு பெரியவர் ஒரு பகல் முழுவதையும் செலவழித்தது அதுதான் முதல் தடவை. அன்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவருக்காக நான் எதையும் செய்வேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது.

செய்வதற்கு ஒரு வேலையும் சீக்கிரமே வந்தது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது, பித்தான் வைத்த ஒரு பழைய கைப்பேசியை என்னிடம் கொடுத்தார்.

"மேல நின்னு கொக்கு பாக்கறப்ப அப்பப்ப ரோட்டையும் ஒரு கண்ணு பாத்துக்க, அமுலு. கும்மிடிப்பூண்டி பக்கத்துலருந்து வெள்ள ஜீப்பு ஒண்ணு வரும், முன்னாடி செவப்பு எழுத்துல போர்டு இருக்கும். எங்க பெரிய ஆபீசரு வண்டி. அது வந்தா எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு. அவரு வர்றப்ப நான் சீட்டுல இல்லனா வேல பூடும்."

அந்தக் காலத்து வெள்ளைப் பலகையும் சிவப்பு எழுத்தும் அரசாங்க வண்டிக்கு உரியவை என்பது எனக்கு அப்போது தெரியாது. சித்தப்பாவின் வேலை என் கண்ணை நம்பி இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. பள்ளிவிட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு மாடிக்கு ஓடுவேன். தூறலில் தொட்டியின் அடியில் ஒண்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் ஏரி, கொஞ்ச நேரம் சாலை என்று பார்ப்பேன். ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் குல்லா சரியாக உட்கார்ந்ததா என்று தடவிப் பார்ப்பேன். மழை நின்றதும் ஈரத்தோடு மூடிவைத்தால் உள்ளே பூசணம் பிடிக்கும் என்று அவர் சொல்லியிருந்ததால், எல்லா மூடிகளையும் திறந்து மின்விசிறிக்குக் கீழே காயவிட்ட பிறகுதான் சாப்பிட உட்காருவேன். ஜீப் வந்த நாட்களில் மிஸ்டு கால் கொடுத்தேன். மறுநாள் அவர் வாங்கிவரும் வேர்க்கடலை மிட்டாயைப் பெருமையோடு தின்றேன். பூநாரைகளைக் கிட்டத்தில் காட்டப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போவதாகவும் சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் அவர் ஒரு சின்ன வேன் வாங்கினார். "அண்ணன் பேருதான் ராசி" என்று சொல்லி அதை அப்பாவின் பேரில் பதிவு செய்தார். அதற்காக அப்பா தெருவில் பார்த்தவரிடமெல்லாம் தம்பியைப் பற்றிப் பெருமை பேசினார். அறுவடை இல்லாத நாட்களில் கொட்டகை சும்மாதானே கிடக்கிறது என்று மூட்டைகள் வந்து இறங்கின. ஆந்திராவில் இருக்கும் மில்லுக்குப் போகிற சரக்கு என்றார் சித்தப்பா. வேனில் ஏற்ற அப்பா உதவிக்குப் போவார். அவருக்கு அதில் எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அப்பாவும் சித்தப்பாவும் மூட்டை ஏற்றக் கொட்டகைக்குப் போயிருந்தார்கள். மழை சட்டென்று வலுத்தது. நான் நனைந்தபடி தொட்டியின் அடிக்கு ஓடிவந்து சாலையைப் பார்த்தபோது, லாரி வரிசையை ஒட்டி வெள்ளை ஜீப் வந்துகொண்டிருந்தது. வழக்கமாகச் சாவடிப் பக்கம் நேரே போகிற வண்டி, அன்று வேகத்தைக் குறைத்து, எங்கள் மண்பாதை பிரிகிற இடத்தில் நின்றது. ஒருவர் இறங்கி வழி கேட்டார். பெரிய ஆபீசர் சித்தப்பாவைத் தேடி நம் கொட்டகைக்கே வருகிறாரே என்று எனக்குப் பதற்றம். உடனே மிஸ்டு கால் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, சித்தப்பா ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாரா என்று பார்க்கக் குல்லாவைத் தள்ளிப் பைனாகுலரைக் கொட்டகைப் பக்கம் திருப்பினேன்.

வாசலில் வேன் நின்றிருந்தது. அப்பா அதன் பின்னால் நின்று, மூட்டைகளின்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றின் ஒரு முனை அவர் பல்லிடுக்கில் இருந்தது. அவருக்கு நாலடி தள்ளி, கூரையின் கீழே, சித்தப்பா சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். தலையைத் தூக்கி எங்கள் மாடியை நேராகப் பார்த்தார். அவ்வளவு நேராகப் பார்த்ததால் நான் கையைக்கூட ஆட்டினேன். பிறகு அவர் அப்பாவின் முதுகைப் பார்த்தார். இப்போது ஏதோ சொல்லப்போகிறார், இருவரும் சேர்ந்து ஆபீசரைப் பார்க்கப் போவார்கள் என்று நினைத்தேன். அவர் வாய் அசையவே இல்லை. சுவரோரம் நின்ற மோட்டார் சைக்கிளைக் கிளப்பாமல் கையால் உருட்டிக்கொண்டு, கொட்டகையின் பின்பக்கமாக வரப்பில் இறங்கி, சவுக்குத் தோப்பு மறைவுக்குப் போன பிறகுதான் ஏறி உட்கார்ந்தார். தம்பி போய்விட்டது தெரியாமல் அப்பா தார்ப்பாயின் அடுத்த மூலைக்கு நகர்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஜீப் வந்து நின்றது.

மூட்டைகளில் இருந்தது ஆந்திராவுக்குக் கடத்துகிற ரேஷன் அரிசி, ஜீப்பில் வந்தவர்கள் அதைப் பிடிக்கிற அதிகாரிகள். கொட்டகை அப்பாவுடையது, வேன் அப்பாவின் பேரில், கையில் கயிற்றோடு நின்றவரும் அப்பா. ஈர வேட்டியோடு அவரை ஜீப்பில் ஏற்றியதை நான் மாடியிலிருந்தே பார்த்தேன்.

சித்தப்பா பல நாள் கழித்து, சித்தூர்ப் பக்கம் வேலையாகப் போயிருந்ததாகச் சொல்லிக்கொண்டு, ஒரு பை நிறையச் சாத்துக்குடியோடு வந்தார். அப்பா அப்போது ஜெயிலில் இருந்தார். அம்மா அழுதாள். சித்தப்பாவும் அழுதார்.

"எனக்கு இன்னா தெரியும் அண்ணி? நான் அந்தப் பக்கமே இல்ல. நானும் மாட்டிக்கினு இருந்தா அண்ணன ஜாமீன்ல எடுக்க யாரு இருக்காங்க, சொல்லு?"

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். "நீ அங்கதான் இருந்த சித்தப்பா," என்றேன். "போன எடுத்துப் பாத்த. அப்புறம் வண்டிய தள்ளிக்கினு பின்பக்கமா போன. நைனா கிட்ட சொல்லல. நான் பாத்தேன்."

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "கொயந்த பயந்து பேஜாராயிட்டா அண்ணி. கொட்டற மழயில அந்தக் கண்ணாடில இன்னா தெரிஞ்சிருக்கும்? எல்லாம் தண்ணிதான்."

"குல்லா போட்டிருந்தேன்," என்றேன். ஓடிப்போய்ப் பைனாகுலரைக் கொண்டுவந்து, வாரைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். "உள்ள ஒரு சொட்டு போவல. நீதான செஞ்ச?"

அவர் அதைப் பார்க்கவே இல்லை. அம்மாதான் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துச் சமையலறைக்குள் தள்ளினாள். "கண்ணுல பட்டது எல்லாம் வாயில வரக்கூடாதுடி. இருக்கற ஒரு ஆம்பளயும் ஊட்டுப் பக்கம் வராம பூடுவான்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஜாமீனுக்காக அலைய எங்களுக்கு வேறு ஆள் இல்லை என்பது உண்மைதான். சித்தப்பா அலையவும் செய்தார். அதனால் அவர்தான் குடும்பத்தைத் தாங்கிய தம்பி என்று ஊரில் பேரானது.

அப்பா வீட்டுக்கு வந்த அன்றே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாடியோடு, கன்னம் ஒட்டிப்போய், சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் என் தலையில் கைவைத்து, "மழம்மா. மழயில அப்படித்தான் தெரியும்," என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு புதுச் சொலவடை கிடைத்தது. யாராவது இல்லாததை இருக்கிறதென்று சாதித்தால், "அமுலு மழயில பாத்த மாதிரி" என்பார்கள். தொலைந்த சாவி இங்கேதான் இருந்தது என்றால் அமுலு மழயில பாத்த மாதிரி. பால்காரன் வந்தான், நான் பார்த்தேன் என்றால் அமுலு மழயில பாத்த மாதிரி. யாரும் என்னை நோகடிக்கச் சொன்னதில்லை, பழகிப்போன வார்த்தை. முதலில் கோபப்பட்டேன், அப்புறம் அழுதேன், கடைசியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை கண்ணாடியில் தண்ணீர் இருந்ததோ, வேறு யாரையோ பார்த்தேனோ?

அடுத்த மழைக்காலத்தில், அதே மாதிரி ஊற்றிய ஒரு சாயங்காலம், யாருக்கும் சொல்லாமல் மாடிக்குப் போனேன். முதலில் குல்லாவை வாரிலிருந்து கழற்றிவிட்டு, பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டு மழையில் நின்றேன். பிறகு தொட்டியின் அடிக்கு வந்து கொட்டகையைப் பார்த்தேன். தகரக் கூரையும் சுவரும் கதவும் ஒன்றோடொன்று கரைந்து, சாம்பல் நிறத்தில் ஏதோ ஆடியது. ஆள் நின்றிருந்தால் தூண் என்று நினைத்திருப்பேன். உலரத் துடைத்து, குல்லாவை மாட்டி, அதே அளவு நேரம் மழையில் நின்று, மறுபடியும் பார்த்தேன். கொட்டகைக் கதவில் தொங்கிய பூட்டு தெரிந்தது. சுவரில் யாரோ கரியால் கிறுக்கியிருந்த எழுத்துகளை வாய்விட்டுப் படித்தேன். என் கண் என்னை ஏமாற்றவில்லை என்று உறுதியானபோது சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அது வரவில்லை. அவர் ஒரு பகலெல்லாம் உட்கார்ந்து, கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டு செய்தது எனக்காக அல்ல, மழை நாளிலும் சாலை தெரியவேண்டும் என்பதற்காக என்று அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. எனக்குக் கிடைத்த அன்பு என்று நான் பத்திரமாக வைத்திருந்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான்.

அதற்குப் பிறகு சாலைப் பக்கம் நான் திரும்பியதில்லை. பறவைகளை விடவும் முடியவில்லை. படித்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் விடுமுறையில் தனியாகப் பேருந்து பிடித்துப் பழவேற்காட்டுக்குப் போய்ப் பூநாரைகளைப் பார்த்தேன். அப்பா பல வருஷம் வாய்தாவுக்குப் பொன்னேரி கோர்ட்டுக்கு நடந்து, கடைசியில் வழக்கு ஒருவழியாக முடிந்தது.

போன வருஷம் சித்தப்பாவின் மகளுக்கு ஆர்.கே.பேட்டையில் கல்யாணம். மண்டபத்தில், மாப்பிள்ளை வீட்டாரிடம் என்னைத் தோளில் தட்டி அறிமுகப்படுத்தினார். "எங்க அண்ணன் பொண்ணு. பறவ பாக்கறதுல பெரிய ஆளு. சின்ன வயசுலயே பைனாகுலர் வாங்கிக் குடுத்தது நான்தான்." யாரோ எதையோ மறுத்துப் பேச, அவரே சிரித்துக்கொண்டு, "இவரு சொல்றது அமுலு மழயில பாத்த மாதிரி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். விளக்கம் கேட்டவர்களுக்கு விளக்கமும் சொன்னார். நான் தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது காரில் நானும் அப்பாவும் மட்டும்தான். திருத்தணியைத் தாண்டினோம். அப்பா வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"போன் அடிச்சுதும்மா. எனக்குக் கேட்டுச்சு."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை.

"அன்னிக்கு கொட்டகையில. ஒரு தபா அடிச்சு நின்னுது. நான் கயித்த வாயில கவ்வினு இருந்தேன். திரும்பிப் பாக்கறதுக்குள்ள ஆள் இல்ல."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். "அப்போ நான் சொன்னப்ப?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் நைனா?"

"இன்னாம்மா பண்றது? ஒரே தம்பி. நீ சொன்னத ஆமான்னு சொன்னா அவன் அப்பவே இல்லனு ஆயிடும். நீ கொயந்த, மறந்துடுவனு நெனச்சேன்."

நான் குழந்தையாக இருந்த வருஷங்கள் முடிந்த பிறகும் அந்தச் சொலவடை அவர் முன்னாலேயே எத்தனையோ தடவை சொல்லப்பட்டிருக்கிறது. சில தடவை அவரும் சிரித்திருக்கிறார். அதை அவரிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் இருக்கும்போது ஒரே ஒரு தடவை, பொண்ணு பார்த்தது நிஜம் என்று சொல்லுங்கள், வேறெதுவும் வேண்டாம் என்றேன். "சொல்றேன்," என்றார். வண்டியை எடுத்தேன்.

இப்போது எங்கள் மாடியிலிருந்து சாலை தெரிவதில்லை. இடையில் ஒரு கிடங்கின் நீளச் சுவர் எழும்பிவிட்டது. கொட்டகை இருந்த இடம் அந்தச் சுவருக்கு உள்ளே போய்விட்டது. சித்தப்பாவின் லாரி ஆபீஸ் கைப்பேசிக் கடையாகிவிட்டது. ட்யூப் ரப்பர் குல்லா எப்போதோ வெடித்து உதிர்ந்துபோனது. என் புதுப் பைனாகுலருக்குப் பெட்டியிலேயே மெத்தென்ற ஒரு குல்லா வந்தது, அதற்கு எந்த வாடையும் இல்லை. ஏரியில் முக்குளிப்பான்கள் இன்னும் இருக்கின்றன, முன்னைவிடக் கொஞ்சம் தள்ளி.

இந்தப் பொங்கலுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். கூடத்தில் வரிசையாக இலை போட்டு உட்கார்ந்திருந்தபோது, சித்தப்பாவின் புது மருமகன், வீட்டு வழக்கம் பிடிபட்டுவிட்ட உற்சாகத்தில், எதற்கோ அந்தச் சொலவடையைச் சொன்னான். சிரிப்பு அடங்க நேரமானது. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பாவும் என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார். பிறகு குனிந்து, பக்கத்தில் சித்தப்பாவின் இலையைக் காட்டி, தம்பிக்கு இன்னும் கொஞ்சம் பொங்கல் வைக்கும்படி அம்மாவிடம் சொன்னார்.